பல்லால் பாட்டு கேட்ட தட்டு டீச்சர்

உலகத்தில் பாட்டைக் காதால் கேட்டவர்கள் கோடானுகோடிப் பேர். பல்லால் கேட்டவர் தட்டு டீச்சர் ஒருவர்தான். இதை நான் எந்தச் சபையில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். அவரோடு ஒரே அறையில் இரண்டு வருஷம் குடியிருந்தவள் நான். அந்த இரண்டு வருஷமும் ஒழுங்காகத் தூங்கவில்லை என்பதையும் அதே சத்தியத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

எண்பதுகளின் தொடக்கம். திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஆபரேட்டர் வேலை. சொந்த ஊர் கோலியனூருக்குப் பக்கம். வாரத்தில் பாதி நாள் நைட் டியூட்டி என்பதால் தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தென்னாற்காடு மாவட்டமே காதுக்குள் வந்து கத்திவிட்டுப் போகும். கல்யாணத் தேதி கேட்டுக் கத்துவார்கள், சாவு சொல்லிக் கத்துவார்கள், லாரி எங்கே நிற்கிறது என்று கத்துவார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் லைனில் ஒரு கொரகொர இருக்கும். காலை ஆறு மணிக்கு வெளியே வரும்போது தலைக்குள் அந்தக் கொரகொர மட்டும் மிச்சமிருக்கும். அந்த வயதில் மற்றப் பெண்கள் கடவுளிடம் நல்ல மாப்பிள்ளை கேட்டார்கள். நான் சத்தமில்லாத ஒரு காலைப்பொழுதைக் கேட்டேன். கடவுள் தட்டு டீச்சரை அனுப்பினார்.

நாங்கள் குடியிருந்தது ஒரு சமணக் குடும்பத்து வீட்டின் மாடி அறையில். கீழே வீட்டுக்காரம்மா மட்டும்தான். செஞ்சிப் பக்கத்து ஊரில் பிறந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, துணைக்கு இருக்கட்டும் என்று வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாடியை விட்டிருந்தார். சட்டங்கள் இரண்டே இரண்டு. மாமிசம் வாசலைத் தாண்டக் கூடாது. பொழுது சாய்ந்தபிறகு அடுப்பு எரியக் கூடாது. பாட்டுப் பெட்டியைப் பற்றி அவர் சட்டம் எதுவும் போடவில்லை. அப்படி ஒன்று வரும் என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

டீச்சர் அதே ஊரில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கண்டமங்கலத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். என் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என்னை "எக்ஸ்சேஞ்சு" என்றுதான் கூப்பிடுவார். முதல் ஒரு மாதம் அவரால் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு சின்ன டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார். பிறகு ஒரு சனிக்கிழமை சொந்தக்காரர் கல்யாணத்துக்கு விழுப்புரம் போனார். அங்கே மைக் செட்டுக்காரர் ஒருவர், தான் கேசட்டுக்கு மாறப்போவதாகவும் இசைத்தட்டுகளை எல்லாம் பழைய சாமான்காரரிடம் போடப்போவதாகவும் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். டீச்சர் கல்யாணச் சாப்பாட்டைக்கூடச் சாப்பிடாமல் அவர் பின்னாலேயே போய்விட்டார்.

ஊரெல்லாம் இசைத்தட்டை விட்டுவிட்டு டேப் ரெக்கார்டர் வாங்க ஓடிக்கொண்டிருந்த காலம் அது. டீச்சர் எதிர்த்திசையில் ஓடினார். மறுநாள் காலை நான் டியூட்டி முடிந்து வந்து படுத்த நேரத்தில் வாசலில் பஸ் ஸ்டாண்டு மாட்டுவண்டி ஒன்று டீச்சரையும் மைக் செட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. அதில் இருநூறு தட்டுகள், ஒரு பிளேயர், பாறாங்கல் கனத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயர், மரப்பெட்டியில் ஒரு ஸ்பீக்கர். இவற்றோடு தென்னைமரத்தில் கட்டுகிற பெரிய குழாய் ஸ்பீக்கர் ஒன்று.

"அண்ணே, குழாய் எனக்கு வேணாம்னு சொன்னேனே" என்றார் டீச்சர்.

"செட்டைப் பிரிச்சுக் குடுக்கறது வழக்கமில்லீங்க டீச்சர்" என்றார் மைக் செட்டுக்காரர். "எல்லாம் ஒரே குடும்பம். இன்னொண்ணுங்க. ஒரு வூட்டுல செட்டு எறங்குச்சுன்னா குழாயக் கட்டி ஒரு மங்கலப் பாட்டு போடாம நாங்க கெளம்ப மாட்டோம். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

சொன்னவர் செய்துவிட்டார். மாடிக் கைப்பிடிச் சுவரில் குழாயைக் கட்டி நாதஸ்வரத் தட்டு ஒன்றைப் போட்டார். கால் மணி நேரத்தில் தெருவே வாசலில் நின்றது. குழாய் கட்டி நாதஸ்வரம் போட்டால் வீட்டில் விசேஷம் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு அம்மாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு சில்வர் சொம்பு எல்லாம் வைத்துக்கொண்டே வந்துவிட்டார்.

"யாருக்கு மஞ்சத்தண்ணி?" என்றார்.

வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர். வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயது, டீச்சருக்கு முப்பத்திரண்டு, எனக்கு இருபத்தேழு.

"ஒண்ணுமில்லம்மா, டீச்சரு பாட்டுப்பொட்டி வாங்கிக்கினு வந்திருக்குது" என்று வீட்டுக்காரம்மா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வறுத்து வெல்லத்தோடு கொடுத்தார். அதோடு சந்தேகம் உறுதியாகிவிட்டது. எக்ஸ்சேஞ்சுப் பெண்ணுக்கு ரகசியமாக நிச்சயதார்த்தம் நடந்துவிட்டது என்று தெரு தீர்மானித்தது. ஒரு மாதம்வரை, வேலை முடிந்து செத்தேன் பிழைத்தேன் என்று வரும் என்னை வழிமறித்து, "மாப்பிள்ள எந்த டிபார்ட்மெண்டு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழாய் ஸ்பீக்கர் கடைசியில் என் கட்டிலுக்கு அடியில் குடியேறியது.

இருநூறு தட்டில் ஒன்றுகூட உருப்படி கிடையாது. இருபது வருஷக் கல்யாணமும் காதுகுத்தும் பார்த்த தட்டுகள். பந்தல் தூசியும், பீடிச் சாம்பலும், தேய்ந்த முள்ளின் கீறலும் சேர்ந்து பாட்டுக்கு முன்னால் ஒரு கொரகொர வரும், பாட்டோடு கூடவே வரும், பாட்டு முடிந்த பிறகும் வரும். விடிய விடிய லைனில் கேட்ட அதே கொரகொரவைக் காலையில் வீட்டிலும் கேட்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது. டீச்சருக்கோ பள்ளிக்கூடம் போவதற்கு முன் இருக்கும் நேரம்தான் பாட்டு நேரம். அதாவது நான் படுக்கிற நேரம்.

படுப்பதற்கும் முன்னால் கட்டில்வரை போய்ச் சேர வேண்டுமே. மாடித் தளம் பழைய மர உத்திரத்தின்மேல் போட்டது. யாராவது நடந்தால் தரை அதிரும், தட்டில் முள் துள்ளும், பாட்டு நாலு வரி தாண்டிப் போய்விடும். டீச்சர் சைக்கிள் டியூபில் கொஞ்சம் காற்று அடித்து அதன்மேல் பிளேயரை வைத்துப் பார்த்தார். முள் இருக்கும் கையின் தலையில் ஐந்து பைசா நாணயத்தை ஒட்டிப் பார்த்தார். போதவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தட்டை ஓடவிட்டு, அறையில் ஒவ்வொரு அடியாக மிதித்துச் சோதனை செய்தார். முள் துள்ளாத இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். வாசற்படியிலிருந்து என் கட்டில்வரை ஒன்பது வட்டங்கள் வந்தன.

"இதுல கால வச்சு வா, போதும்" என்றார்.

ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவே சில இடங்களில் இரண்டரை அடி. டிபன் பாக்ஸும் குடையும் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் எரிய, சிறுமிகள் பாண்டி ஆடுவதுபோல நான் தாவித் தாவிப் படுக்கைக்குப் போனேன். அரசாங்கச் சம்பளம் வாங்கும் பெண் இப்படிப் போய்ப் படுத்ததாக நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

அடுத்தது தட்டுகளைக் கழுவும் வேலை. பட்டுப்புடவை அலசுவதுபோலப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தட்டுகளை அலசி, துடைத்து, நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் தட்டு வளைந்துவிடும். நிழலும் காற்றும் உள்ள இடம், தட்டை நிற்க வைக்க வசதியான இடம் என்று டீச்சர் தேடியபோது கண்ணில் பட்டது கீழே சமையலறையில் இருந்த பாத்திர ஸ்டாண்டு. வீட்டுக்காரம்மாவின் நாலு எவர்சில்வர் தட்டுக்குப் பக்கத்தில் டீச்சரின் பத்துக் கறுப்புத் தட்டுகள் ஈரம் சொட்ட நின்றன. தட்டு டீச்சர் என்ற பெயர் அவருக்கு வந்தது அன்றிலிருந்துதான்.

ஒரு நாள் மாலை கரண்டு போய்விட்டது. வீட்டுக்காரம்மா சூரியன் இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். கண் பார்வையும் அவருக்குக் கொஞ்சம் மந்தம். அரை வெளிச்சத்தில் கைக்கு வந்த தட்டை எடுத்து வைத்து, சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றினார். ரசம் தட்டின் நடு ஓட்டை வழியாக மடியில் இறங்கியது. அலறல் கேட்டு நாங்கள் ஓடினோம்.

டீச்சர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி: "அம்மா, எந்தப் பக்கத்துல ஊத்துனீங்க?"

"ரசம் சுடுதுடி, பாவி" என்றார் வீட்டுக்காரம்மா.

டீச்சர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தட்டைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சொல்வதைக் காதில் வாங்காத விஷயத்தில் ஏற்கெனவே எனக்கு அவர்மேல் கடுப்பு இருந்தது. "டீச்சர், கொஞ்சம் சத்தத்தக் கொறைங்க" என்று கட்டிலிலிருந்து பத்துத் தரம் சொல்வேன். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் திரும்பியே பார்க்க மாட்டார். திமிர் என்று நினைத்தேன். படித்த திமிர், கணக்கு வாத்தியார்த் திமிர், கண்டமங்கலத்துத் திமிர் என்று தூக்கம் வராத நேரத்தில் அதற்கு வகைகூடப் பிரித்து வைத்திருந்தேன்.

பிறகு ஒரு காலை. மழையில் லைன்கள் எல்லாம் செத்துப்போயிருந்ததால் என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். மாடிப்படி ஏறிக் கதவைத் தள்ளினேன். தட்டு ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்து மர ஸ்கேல் ஒன்றின் ஒரு முனையைப் பெட்டியில் அழுத்தி, இன்னொரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு சுகம்.

நல்லாயிருந்த பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, கண்டமங்கலத்துக்கு டிரங்க் கால் போட வேண்டும் என்று தோன்றியது. சாக்பீஸ் வட்டத்தையெல்லாம் மறந்து நேராக ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். முள் துள்ளியது. டீச்சர் ஸ்கேலை வாயிலிருந்து எடுத்தார். முதல்முறையாக, முள் துள்ளியதற்கு அவர் கோபப்படவில்லை.

"பாத்துட்டியா?" என்றார்.

"என்ன டீச்சர் இது?"

"எடது காதுல ஒண்ணும் கேக்கல, எக்ஸ்சேஞ்சு. மூணு வருஷமாச்சு. இப்ப வலதும் அடைச்சுக்கினே வருது. பல்லுல வச்சா மட்டும் உள்ள கேக்குது."

அவர் சொல்லிக்கொண்டே போனார். டிரான்சிஸ்டர் கேட்காமல் போனதும் பயம் வந்துவிட்டதாம். முழுக்க அடைப்பதற்குள் பிடித்த பாட்டையெல்லாம் ஒரு தரமாவது கேட்டுவிட வேண்டும் என்றுதான் அந்த இருநூறு தட்டையும் வாங்கினாராம். பெரிய ஆம்ப்ளிஃபயர் என்றால் சத்தம் கூட்டி வைக்கலாம், மரப்பெட்டி என்றால் கடித்துக் கேட்கலாம். டேப் ரெக்கார்டர் பிளாஸ்டிக்காம், பல்லில் ஒன்றும் ஏறவில்லையாம். அதையும் ஒரு கடையில் போய்க் கடித்துப் பார்த்திருக்கிறார். கடைக்காரர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை.

திமிர் என்று நான் பிரித்துவைத்த வகைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய விஷயத்தை அவர் கடைசியாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் தெரிந்துவிட்டது. மணி அடித்தது தெரியாமல் அடுத்த பீரியடையும் சேர்த்து எடுத்துக்கொண்டே போகிறார். தன் பீரியடை எல்லாம் கணக்கு தின்றுவிடுகிறது என்று தமிழம்மா தலைமை ஆசிரியையிடம் போய்விட்டார். காது சரியாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவர ஒரு மாதம் தவணை. கொண்டுவராவிட்டால் அடுத்த வருஷம் வேலை கிடையாது.

"வேல போச்சுன்னா அண்ணன் வூட்டுக்குத்தான் போகணும். அங்க என் துணிமணிய வைக்கவே எடம் கெடையாது" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ஆரம்பித்தது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த திருட்டுத்தனம். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ள டீச்சருக்குப் பாதி வரும். மீதிக்கு நான் பயிற்சி கொடுத்தேன். காலையில் டியூட்டி முடிந்து வந்து, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்து ஊர்ப்பெயர்களாகச் சொல்லுவேன். "பனமலை." "கண்டமங்கலம்." "மயிலம்." டீச்சர் சரியாகச் சொல்லுவார். ராத்திரியெல்லாம் சத்தம் போட்டுப் பேசிவிட்டு, காலையில் சத்தம் போடாமல் பேச வேண்டியிருந்தது. எனக்குக் கனவில்கூட உதடுகள்தான் வந்தன.

தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது விழுப்புரத்தில் ஒரு காது டாக்டரிடம் போனோம். பெரியவர், கண்ணாடி மூக்கு நுனியில். நாங்கள் நினைத்துக்கொண்டு போனது, அவர் டீச்சருக்கு எதிரே உட்கார்ந்து பேசுவார், டீச்சர் அவர் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார் என்று. அவர் எழுந்து டீச்சருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார்.

"நான் மெதுவா நம்பர் சொல்லுவேன். காதுல விழுந்ததைத் திருப்பிச் சொல்லணும்" என்று மட்டும் உரக்கச் சொன்னார்.

டீச்சருக்கு எதிரே ஸ்டூலில் நான். என் பக்கத்திலேயே டாக்டரின் உதவியாள் அம்மாள் நின்றுகொண்டிருந்ததால் உதட்டை அசைக்க முடியாது. மடியில் கைப்பை இருந்தது. அதன்மேல் விரல்களைக் காட்டலாம் என்று யோசனை வந்தது. விரலுக்குப் பயிற்சி எடுக்கவில்லையே என்பது அப்போது தோன்றவில்லை.

டாக்டர் கிசுகிசுத்தார்: "தொண்ணூத்தி ஆறு."

எக்ஸ்சேஞ்சில் நாங்கள் தொண்ணூற்றாறு என்று சொல்லிப் பழகியதில்லை. ஒன்பது, ஆறு என்று தனித்தனியாகத்தான் சொல்லுவோம். என் கை பழக்கதோஷத்தில் ஒன்பது விரலைக் காட்டியது, பிறகு ஆறு விரலைக் காட்டியது. டீச்சர் எத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். விரலைக் கண்டால் அவருக்குக் கூட்டத்தான் தெரியும்.

"பதினஞ்சு சார்" என்றார் கணீரென்று.

டாக்டர் ஒரு சீட்டில் அதைக் குறித்துக்கொண்டார். "நாப்பத்தி ரெண்டு" என்றார்.

நாலு விரல். ரெண்டு விரல். "ஆறு சார்."

"எழுபத்தி மூணு."

"பத்து சார்."

தப்பு எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது, அதை விரலால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. டாக்டர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், டீச்சர் தலையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் மூன்று விரல் இன்னும் கைப்பைமேல் நீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார் என்னிடம்.

"டெலிபோன் ஆபரேட்டர் சார்."

"இவங்க?"

"கணக்கு டீச்சர் சார்."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. அவர் தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். உதவியாள் அம்மாள் வெளியே போய்ச் சிரித்தார்.

பிறகு டாக்டர் டியூனிங் ஃபோர்க் என்கிற இரும்புக் கவையை எடுத்து மேசையில் தட்டி, டீச்சரின் காதுக்கு எதிரே பிடித்தார். டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். அதே கவையின் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். டீச்சரின் கண் அகலமாக விரிந்தது.

"கேக்குது சார். நல்லா கேக்குது. பாட்டு கேக்கும்போது இப்படித்தான் சார், பல்லுல."

பல் விவகாரம் முழுவதையும் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "நரம்பு கெடலை" என்றார் டீச்சரைப் பார்த்து, உதடு தெரியும்படி நிதானமாக. "உள்ள அரிசி மாதிரி ஒரு எலும்பு, அசையாம ஒட்டிக்கிச்சு. மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்றாங்க. முதல்ல இடது காது. பலிச்சா கேக்கும். பலிக்கலைன்னா, இருக்கிறதும் போறது உண்டு. அதையும் சொல்லிடறேன்." சர்டிபிகேட் தர மறுத்துவிட்டார். சிகிச்சைக்கு இரண்டு மாதம் லீவு தேவை என்று பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் மட்டும் கொடுத்தார். தலைமை ஆசிரியை அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "காது கேட்டா வாங்க டீச்சர்" என்றாராம். கேட்காவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை.

திரும்பி வந்து திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டீச்சர், "இருக்கறதும் போயிடுச்சுன்னா?" என்றார். அவர் பையையும் நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மெட்ராஸுக்கு அண்ணன் வந்து கூட்டிப்போனார். மாடி அறை எனக்கு மட்டும். இரண்டு வருஷமாக நான் கும்பிட்டுக் கேட்ட அமைதி அப்படியே கிடைத்தது. டீச்சர் இல்லாமல் தூக்கமே வரவில்லை என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். உண்மை அதில்லை. மூன்று நாள் அடித்துப் போட்டமாதிரி தூங்கினேன். நாலாவது நாள் எழுந்து தட்டுகளை எல்லாம் துணியால் துடைத்து வைத்தேன். அதற்குப் பிறகு டியூட்டியில் போர்டில் மெட்ராஸ் லைனின் விளக்கு எரியும்போதெல்லாம் மற்றவர்களுக்கு முன்னால் நானே எடுத்தேன். யாருக்கும் தெரியாமல் அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் போன் போட்டேன். "ஆபரேஷன் ஆயிடுச்சு, கட்டுப் பிரிக்கல" என்ற பதில்தான் வந்தது.

ஆறு வாரம் கழித்து டீச்சர் வந்தார். இடது காதில் பஞ்சு. வீட்டுக்காரம்மா வாசலிலேயே நிறுத்தி, "இன்னாம்மா, கேக்குதா?" என்றார்.

"ஏதோ கேக்குதும்மா. பஸ்ஸுல எல்லாரும் கத்திக்கினே வந்தாங்க. நெஜமா கேக்குதா, இல்ல அவுங்க கத்தறதுதான் அப்படி இருக்குதான்னு தெரியல. தெரிஞ்ச சத்தமா ஒண்ணு கேட்டுப் பாருன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நாளைக்கிப் பஞ்சு எடுக்கலாமாம்."

மறுநாள் எனக்கு வார விடுமுறை. டீச்சர் காலையில் குளித்து, பஞ்சை எடுத்துவிட்டு, அவருக்கு ரொம்பவும் பிடித்த பழைய பாட்டுத் தட்டைத் தேடி எடுத்தார். பிளேயரில் வைத்தார். முள்ளைத் தூக்கியவர் தட்டில் வைக்காமல் அப்படியே நின்றார்.

"நீ வையி, எக்ஸ்சேஞ்சு. எனக்குப் பயமா இருக்குது" என்றார்.

இரண்டு வருஷத்தில் அந்த முள்ளைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன். டீச்சர் சுவரோரமாகப் போய்ச் சாய்ந்து நின்றார், பெட்டியிலிருந்து எட்டடி தள்ளி. பாட்டு ஆரம்பித்தது. டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் சுருங்கியது. வாய் கோணியது. போச்சு, பலிக்கவில்லை, இனி கண்டமங்கலம்தான் என்று நினைத்தேன்.

"நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். "கேக்கலையா டீச்சர்?"

"கேக்குது. பாட்டுக்கு மேல யாரோ மல்லாட்ட வறுக்கறாப்பல கேக்குது. இன்னா இது?"

"தட்டுல கீறல் டீச்சர்."

"வேற தட்டு போடு."

போட்டேன். அதிலும் வறுத்தார்கள். இன்னொன்று போட்டேன். அதில் இரண்டு இடத்தில் முள் மாட்டிக்கொண்டு ஒரே வார்த்தையைப் பத்துத் தரம் பாடியது. பல் வழியாகத் தாளமும் கீழ்ச்சத்தமும்தான் ஏறும், கீறல் ஏறாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. கீழேயிருந்து வீட்டுக்காரம்மா, "ஏம்மா டீச்சரு, கேக்குதா இல்லியா?" என்று குரல் கொடுத்தார். மாடிப்படிக் கதவு சாத்தியிருந்தது. டீச்சர் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார்.

"கேக்குதும்மா" என்றார். "அதான் இப்ப பேஜாரு."

பிறகுதான் அழுதார். நானும்தான். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சிட்டு வந்து, இந்தக் கண்றாவியவா ரெண்டு வருஷமா கேட்டுக்கினு இருந்தே? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, புள்ள."

அவர் என்னை எக்ஸ்சேஞ்சு என்று கூப்பிடாமல் புள்ள என்றது அதுதான் முதல் தடவை. சொன்னேன் டீச்சர், ஆரம்பத்தில் தினம் சொன்னேன், உங்களுக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மழைக்காலைக்குப் பிறகு நான் ஒரு நாளும் சொல்லவில்லை என்பதும் உண்மை.

"நான் எங்க டீச்சர் பாட்டு கேட்டேன்?" என்றேன். "நீங்க கேக்கறதப் பாத்துக்கினு இருந்தேன்."